பிறவியா, வளர்ப்பா: எல்லையோரப் பிள்ளைகளை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, ஒழலப்பதி என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில், வீட்டுக்குள் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் ஏராளம். இவ்வூர்களில் ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று உடனே வந்துவிடும். "இவனுக்குக் கணக்கு வராதுங்க டீச்சர், அவங்கப்பனுக்கும் வரலை" என்பது ஒன்று. "வீட்ல கண்டிப்பா வெச்சிருந்தா வராம எங்க போகும்?" என்பது மற்றொன்று. நூலைப் போல சேலை என்ற பழமொழியை முதல் தரப்பும், தொட்டில் பழக்கத்தை இரண்டாம் தரப்பும் துணைக்கு அழைத்துக்கொள்ளும். பெற்றோர் தத்தம் வசதிக்கேற்ப இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதும் உண்டு: பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் அது எங்கள் ரத்தம், தோற்றால் அது சேர்க்கை சரியில்லாதது.

இந்த வழக்கு அறிஞர்களிடையிலும் நெடுங்காலம் நடந்ததுதான். பிறக்கும் குழந்தையின் மனம் எதுவும் எழுதப்படாத வெற்றுத்தாள் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் வாதிட்டார். அதற்கு நேரெதிராக, சார்லஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன், 1869-இல் வெளியிட்ட நூலில், மேதைமை குடும்பங்களில் வழிவழியாக வருவது என்று நிறுவ முயன்றார். வசதியும் கல்வியும் தொடர்புகளும் அதே குடும்பங்களில் வழிவழியாக வந்ததற்கு அவர் உரிய இடம் தரவில்லை. 1920-களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் மறுகோடிக்குப் போனார்: உடல்நலமுள்ள குழந்தைகள் ஒரு டஜனையும், தான் விரும்பியவாறு அமைத்த சூழலையும் தன்னிடம் கொடுத்தால், எந்தக் குழந்தையையும் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டுவதாக எழுதினார். கையிலிருக்கும் சான்றுகளைத் தாண்டித்தான் பேசுவதாக அவரே அங்கு ஒப்புக்கொண்டதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிறவி என்று இங்கே சொல்வது தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்று குழந்தைக்கு வந்து சேரும் மரபணுக்களை. வளர்ப்பு என்பதைப் பெற்றோரின் கண்டிப்பு, கொஞ்சல் என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. கருவறையில் கிடைத்த ஊட்டம், தாய்க்கு இருந்த ரத்தசோகை, குடிநீர், காய்ச்சல்கள், உடன்பிறந்தோர், தெருவின் மொழி, வகுப்பறையின் இரைச்சல் எல்லாமே அதில் அடங்கும். எனவே 'பிறந்தபோதே இருந்தது' என்பதும் 'மரபணுவில் இருந்தது' என்பதும் ஒன்றல்ல. பிறந்தபோதே இருந்த ஒரு குறை, கருவறைச் சூழலின் விளைவாகவும் இருக்கலாம்.

மொழியிலிருந்து தொடங்குவது எல்லைக்காரர்களுக்கு எளிது. காது கேட்கும் குழந்தை எந்த நாட்டில் பிறந்தாலும் ஏறக்குறைய ஆறேழு மாதத்தில் 'பபபா, மமமா' என்று மழலைத் தொடர்களை உருட்டத் தொடங்குகிறது. ஒரு வயதை ஒட்டி முதற்சொல்லும், இரண்டு வயதை ஒட்டி இரு சொற்களைச் சேர்த்த சிறு வாக்கியமும் வருகின்றன. யாரும் பாடத்திட்டம் போட்டுக் கற்பிக்காமலே இந்த வரிசை எங்கும் ஒன்றுபோல் அமைவது பிறவியின் பங்கு. அந்த வாக்கியம் "அம்மா, பாலு" என்று தமிழில் வருமா, மலையாளத்தில் வருமா, தெலுங்கில் வருமா என்பதை எந்த மரபணுவும் தீர்மானிப்பதில்லை. ஆந்திர எல்லையோர ஊர்களான நகரியிலும் புத்தூரிலும் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து தெலுங்குத் தெருவில் வளரும் பிள்ளை இரண்டையும் பேசுவதற்குக் காரணம் அந்த வீடும் அந்தத் தெருவும்தான்.

இவ்விரண்டும் எங்கே, எப்படிச் சேர்கின்றன என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்டது அது. இந்தியில் உள்ள த, ட ஆகிய இரண்டையும் ஆங்கிலம் பேசும் பெரியவர்களின் காது எளிதில் பிரித்தறியாது. ஆனால் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் அந்தத் திறமை அவற்றிடம் பெரும்பாலும் மங்கிவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது அப்படியே இருந்தது. அதாவது, பிறவி கொடுத்தது உலக மொழிகளின் ஒலிகளை எல்லாம் பிரித்தறியத் தயாராக உள்ள ஒரு காது. சுற்றிலும் கேட்கும் பேச்சு, அதில் வேண்டியதைக் கூர்மையாக்கி வேண்டாததை ஒதுக்குகிறது. கற்றல் என்றால் சேர்த்துக்கொண்டே போவது என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும். தொடக்கக் கற்றலில் ஒரு பகுதி கழித்தல்.

இதை நம் ஊரில் சோதித்துப் பார்க்கலாம். மலையாளத்தில் 'குத்தி' என்றால் குத்தினான், 'குற்றி' என்றால் முளைக்கம்பு, 'குட்டி' என்றால் குழந்தை. மூன்றிலும் நடுவில் வரும் ஒலி வேறு வேறு: நாக்கு பல்லைத் தொடுவது ஒன்று, பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டைத் தொடுவது ஒன்று, மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுவது ஒன்று. நம் பேச்சுத் தமிழில் 'காற்று' 'காத்து' ஆகிவிட்டதால் அந்த நடு ஒலிக்குத் தனி இடம் இல்லை; பெரியவராகி மலையாளம் கற்றவர்கள் 'குற்றி'யில் தடுமாறுவதற்கு இதுவே காரணம். ஒரு வயதுக்குள் மலையாளம் பேசும் அண்டை வீட்டுச் சேச்சியின் இடுப்பிலும் இருந்து வளர்ந்த பிள்ளைக்கு மூன்றும் தனித்தனியாக நிலைக்க வாய்ப்பு அதிகம். தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் பிறவிக் காது ஒன்றுதான்.

கேட்டால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் பட்ரீசியா கூலும் உடனிருந்தோரும் 2003-இல் இதைச் சோதித்தனர். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகள் நேரில் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறனைப் பெற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகளும் அந்த ஒலிகளைக் கற்கவில்லை. பிள்ளை அழக்கூடாதென்று கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, பாட்டும் எழுத்தும் கற்கிறது என்று ஆறுதல் கொள்ளும் வீடுகள் இந்த ஒரு முடிவையாவது அறிந்திருக்க வேண்டும்.

நேரில் பேசுவது என்றால் என்ன நடக்கிறது என்பதைத் திண்ணையில் நிலக்கடலை உடைக்கும் ஓர் அம்மிச்சியிடம், அதாவது பாட்டியிடம், காணலாம். முறத்தின் ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளை ஒரு பொக்குக் கடலையை எடுத்துக் காட்டி "ம்?" என்கிறது. "அது பொக்கு, சாமி. உள்ள ஒண்ணுமில்ல. குலுக்கிப் பாரு" என்கிறாள் அம்மிச்சி. பிள்ளை குலுக்குகிறது, சத்தம் இல்லை. அடுத்ததை எடுத்துக் குலுக்குகிறது, சத்தம் வருகிறது, சிரிக்கிறது. "அதுல இருக்குது பாரு, ரெண்டு பருப்பு" என்று உடைத்துக் கையில் வைக்கிறாள். பிள்ளை பார்க்கும் பொருளுக்கே, பிள்ளை பார்க்கும் அந்த நொடியிலேயே சொல் வந்து சேருகிறது. பொக்கு எது, பருப்பு எது என்பதோடு இரண்டு என்ற எண்ணும் கூடவே போகிறது. திரை இதைச் செய்யாது, ஏனென்றால் பிள்ளை எதைப் பார்க்கிறது என்பது திரைக்குத் தெரியாது.

மரபின் பங்கை அளப்பது எப்படி?

ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கருக்களிலிருந்து வந்த இரட்டையர், சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியையே பகிர்கின்றனர். இரு வகையினரும் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள். ஆகவே ஒரு பண்பில் முதல் வகையினர் மிக ஒத்திருந்து, இரண்டாம் வகையினர் அவ்வளவு ஒத்திராவிட்டால், அந்தப் பண்பின் வேறுபாட்டில் மரபுக்குப் பங்குண்டு என்று கணக்கிடலாம். தாமஸ் புஷார்ட் 1979-இல் மின்னசோட்டாவில் தொடங்கிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வேறுவேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டது. இவ்வகை ஆய்வுகளிலிருந்து 'உயரத்தில் மரபின் பங்கு ஏறக்குறைய 80 விழுக்காடு' என்பது போன்ற எண்கள் வருகின்றன.

இந்த எண்ணைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். ஒருவரின் உயரத்தில் 80 பங்கு மரபு, 20 பங்கு சோறு என்பதல்ல அதன் பொருள். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டால் வருகிறது என்பதே அது. கூட்டம் மாறினால், சூழல் மாறினால், எண்ணும் மாறும். அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் இதற்கு விதை உவமை ஒன்று சொன்னார். அதை ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் நம் வயலுக்குக் கொண்டுவரலாம். பலதரம் கலந்த ஒரே மூட்டை விதைநெல்லை எடுத்துப் பாதியைத் தலைமடை வயலிலும் பாதியைக் கடைமடை வயலிலும் விதைப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமடை வயலுக்குள் எல்லாப் பயிருக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம். ஆகவே அங்கே ஒரு பயிர் உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்பதற்கு விதையின் வேறுபாடே காரணம். கடைமடை வயலுக்குள்ளும் அப்படியே. ஆனால் கடைமடைப் பயிர் மொத்தமும் தலைமடைப் பயிரை விடக் குட்டையாக நிற்பதற்கு விதை காரணமே அல்ல. தண்ணீர் வந்து சேராததே காரணம். ஒவ்வொரு வயலுக்குள்ளும் மரபின் பங்கு நூறு விழுக்காடாக இருந்தாலும், இரு வயல்களுக்கு இடையிலான வேறுபாட்டில் அதன் பங்கு சுழியாக இருக்க முடியும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் கேரளத்தில் 23.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25, ஆந்திரத்தில் 31.2, இந்தியா முழுவதற்கும் 35.5. எல்லைக் கோட்டின் இருபுறமும் வாழ்பவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவினர்கள். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மரபணு மாறிவிடும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். இந்த எண்களுக்கான காரணத்தைத் தாய்நலம், தடுப்பூசி, கழிப்பறை, உணவு ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

அறிவுத்திறன் சோதனைகளிலும் இதே கதைதான், சற்றுச் சிக்கலாக. எரிக் டர்க்ஹைமரும் உடனிருந்தோரும் 2003-இல் ஏழு வயது அமெரிக்க இரட்டையரை ஆராய்ந்தபோது, வறிய குடும்பங்களில் மதிப்பெண் வேறுபாட்டின் ஏறக்குறைய 60 விழுக்காடு குடும்பச் சூழலால் வருவதாகவும், மரபின் பங்கு சுழியை ஒட்டியிருப்பதாகவும் கண்டனர். வசதியான குடும்பங்களில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். பின்னர் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்த ஆய்வுகளில் இந்த வேறுபாடு தென்படவில்லை; அந்நாடுகளில் ஏழைக் குழந்தைக்கும் கிடைக்கும் மருத்துவமும் பள்ளியும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

மரபில் வந்தது என்றால் மாற்ற முடியாதா?

இந்தக் கேள்விக்கு ஃபினைல்கீட்டோனூரியா என்ற நோயை விடத் தெளிவான விடை கிடையாது. இது முழுக்க முழுக்க மரபணுக் கோளாறு. புரத உணவில் உள்ள ஃபினைல்அலனின் என்ற பொருளை உடைக்கும் நொதி சரியாக இயங்காததால், அது ரத்தத்தில் தேங்கி வளரும் மூளையைக் கெடுத்துக் கடுமையான மனவளர்ச்சிக் குறைவை உண்டாக்கும். நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934-இல் இதை அடையாளம் கண்டார். 1950-களில் அப்பொருள் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தனர். 1960-களில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டறியும் சோதனை வந்தது. முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்து உணவை மாற்றிவிட்டால், அதே மரபணுவோடு பிறந்த குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போல வளர்ந்து பள்ளிக்குப் போகிறது. இதில் மரபின் பங்கு எத்தனை விழுக்காடு என்று கேட்டால் விடையே இல்லை. கோளாறு மரபில் இருக்கிறது. கேடு மரபும் உணவும் சந்திக்கும் இடத்தில் விளைகிறது.

ஆனால் அந்தச் சந்திப்புக்குக் காலம் உண்டு. டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்துப் பின்னர் திறந்தபோது, கண் நன்றாக இருந்தும் மூளை அந்தக் கண்ணின் செய்தியை ஏற்க மறுத்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே காலம் மூடினால் அந்தக் கேடு நேரவில்லை. இவ்வகை ஆய்வுகளுக்காக 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரையைச் சீக்கிரம் எடுக்கச் சொல்வதற்கு இதுவே அடிப்படை. மனிதக் குழந்தைகளின் மொத்த வளர்ச்சியில் இதற்கு நிகரான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. 1989-இல் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபின் வெளியுலகுக்குத் தெரியவந்த அனாதை விடுதிகளில், பாலும் உடையும் கிடைத்தும் தூக்கிப் பேச ஆளின்றி ஆயிரக்கணக்கான குழந்தைகள் கிடந்தனர். 2000-இல் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். அவர்களின் அறிவுத்திறன் விடுதியிலேயே தங்கிய குழந்தைகளை விட உயர்ந்தது. இரண்டு வயதுக்கு முன் வீடு சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு மூன்று வயதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அஞ்சக் கூடாது. பார்வையின் சில வாசல்கள் விரைவில் சாத்திக்கொள்கின்றன. சொல்வளம், வாசிப்பு, கணக்கு, இரண்டாம் மொழி ஆகியவற்றுக்கு அப்படிப்பட்ட கறாரான கெடு இல்லை. அதேபோல, சூழல் மரபணுக்களின் மீது ரசாயனக் குறிகளைப் பதித்து அவற்றின் இயக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுகிறது என்பது உண்மையே. ஆனால் கர்ப்பிணி குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால் பிள்ளை மேதையாகும் என்று கட்டணம் வாங்கி நடக்கும் வகுப்புகளுக்கு அந்த அறிவியல் துணை நிற்காது. கருவிலுள்ள குழந்தை கடைசி மாதங்களில் தாயின் குரலைக் கேட்கிறது, பிறந்ததும் அதை விரும்பித் திரும்புகிறது என்பது வரைதான் உறுதி.

பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. தன் சூழலைத் தானே ஓரளவு அமைத்துக்கொள்கிறது. அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே வெவ்வேறு இயல்போடு இருப்பதைக் கண்டனர்: எளிதில் பழகுபவை, எதற்கும் முரண்டு பிடிப்பவை, மெல்லமெல்லப் பழகுபவை. மூன்றாம் வகைப் பிள்ளையை அங்கன்வாடிக்கு முதன்முதலாகக் கூட்டிவரும்போது பார்க்கலாம். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் கதவோரம் நிற்கும். "மோளே, வா" என்று டீச்சர் மலையாளத்தில் அழைத்தால் இன்னும் பின்வாங்கும். ஆனால் கண் மட்டும் உள்ளே கிடக்கும் மரக்கட்டைகளை விட்டு அகலாது. இழுத்து உட்காரவைத்தால் அழுகையும் "பிடிவாதக்காரி" என்ற பெயரும் மிஞ்சும். கதவோரத்திலேயே இரண்டு கட்டைகளைக் கொடுத்துவிட்டு விட்டால், சில நாளில் தானாகவே நடுக்கூடத்துக்கு நகர்ந்துவிடும். இயல்பு ஒன்றே, அதைச் சந்தித்த சூழல் வேறு. இயல்புக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமே வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பது அவ்விருவரின் முடிவு. வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் மேலும் ஒரு புத்தகம் கொடுப்பதும், அதனால் அது இன்னும் வாசிப்பதும், சிறிய பிறவி வேறுபாட்டைச் சூழல் பெருக்கிக் காட்டும் வழி.

இனி, 'வராது' என்று தீர்ப்பு வாங்கிய பிள்ளையிடம் வரலாம். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்து மலையாள அங்கன்வாடியில் சேர்ந்த பிள்ளை முதல் சில மாதங்கள் வாயே திறக்காதிருப்பதும், பின்னர் இரண்டு மொழியையும் ஒரே வாக்கியத்தில் கலப்பதும் இருமொழிப் பிள்ளைகளிடம் இயல்பாகக் காண்பவை. மந்தபுத்தியின் அறிகுறி அல்ல. அடுத்துப் பார்க்க வேண்டியது ஊட்டமும், அதோடு சேர வேண்டிய பேச்சும் விளையாட்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு 1980-களில் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றனர்; வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு பிள்ளையோடு எப்படி விளையாடிப் பேசுவது என்று தாய்மாருக்குக் காட்டினர். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அப்பிள்ளைகளின் வருமானம் அந்த வருகை கிடைக்காதவர்களை விட 25 விழுக்காடு கூடியிருந்தது. சத்துணவு மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் அந்த உயர்வு காணப்படவில்லை.

ரத்தசோகை, கண், காது ஆகிய மூன்றையும் பரிசோதிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் பரம்பரைக் காரணம் கற்பிக்கக் கூடாது என்பேன். குறிப்பாகக் காது: அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைக்கு வீட்டில் அருகிலிருந்து பேசினால் கேட்கும், நாற்பது பேர் இரையும் வகுப்பில், கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று டீச்சர் சொல்லும் பெருக்கல் வாய்பாடு கேட்காது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்க மருத்துவக் குழுக்கள் உண்டு. பார்வை, கேட்கும் திறன், வளர்ச்சித் தாமதம் எல்லாம் அவர்களின் பட்டியலில் இருக்கின்றன. குழு வரும் நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்வதற்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.